அண்ணன் சாய்ந்திருந்த இருக்கை

மழைதான் கண்ணாடியைத் தட்டுகிறது என்று நினைத்தாள். திரும்பிப் பார்த்தால்... ஒரு கை.

அந்தக் கருநீல ஸ்போர்ட்ஸ் காருக்குள், ஓட்டுநர் இருக்கையில் அவள் உட்கார்ந்திருந்தாள். வலது கை விரல் கதவோரத்துப் பொத்தானை அழுத்திக் கொண்டிருந்தது. ‘பீப்’ என்று ஒரு சத்தம் வந்தது. இருக்கை மெல்ல முனகியபடி முன்னால் நகர்ந்து, முதுகை நிமிர்த்திக் கொண்டு நின்றது. அதன் பிறகுதான் கண்ணாடியை இறக்கினாள்.

வெளியே லிஃப்ட் கம்பெனியின் சாம்பல் நிறச் சட்டை போட்ட ஒருவன் நின்றிருந்தான். தலை முதல் கால் வரை சொட்டச் சொட்ட நனைந்திருந்தான். சட்டைப் பையில் ஸ்க்ரூ டிரைவர். இமைகளில் மழைத்துளிகள் விழலாமா வேண்டாமா என்று யோசித்தபடி தொங்கிக் கொண்டிருந்தன... ஆண்பிள்ளைக்கு இவ்வளவு நீள இமையா என்று ஒரு நினைப்பு வந்து, வந்த வேகத்திலேயே அதை விரட்டினாள்.

“மேடம்... சீட்டை மட்டும் எதுவும் பண்ணிடாதீங்க.”

“எந்த சீட்?”

“நீங்க உட்கார்ந்திருக்கிற சீட்.”

சூடு பட்டவள் போல எழுந்து வெளியே வந்தாள். ஆனால் நடக்க வேண்டியது நடந்து முடிந்திருந்தது.

லீஸ் கம்பெனி ஒன்றின் யார்டில் அவளுக்கு வேலை. மாதாமாதம் பணம் கட்டி வண்டி ஓட்டுபவர்கள், காலம் முடிந்ததும் அங்கேதான் கொண்டு வந்து விடுவார்கள். வண்டியைச் சுற்றி வந்து கீறல், நசுங்கல், டயர்த் தேய்மானம் எல்லாவற்றையும் கண்டுபிடித்துச் சொல்வது அவள் பொறுப்பு. முடி அளவு கோடு கூட அவள் கண்ணுக்குத் தப்பாது. அதனால் யார்டில் அவளுக்குப் பெயர் ‘கீறல் மேடம்’. வீட்டில் அக்காவும் அதையே சொல்லிச் சிரிப்பாள்... “இவ மாப்பிள்ளை போட்டோவைக் கூட வெளிச்சத்துல சாய்ச்சுப் பார்த்துக் கீறல் தேடறவ.” உண்மையில் மாப்பிள்ளை வீட்டார்தான் இவளிடம் ஒரே ஒரு குறையைக் கண்டுபிடித்து விட்டுப் போய்க் கொண்டிருந்தார்கள். அவள் உயரம்.

வண்டி வந்ததும் முந்தைய சொந்தக்காரரின் அடையாளங்களை அழித்துவிட வேண்டும். போனில் இருந்து ஏறிய பெயர்கள், போய் வந்த விலாசங்கள், இருக்கையின் அளவு எல்லாமே. இந்த மாதிரி விலை உயர்ந்த கார்களில், சாவியை எடுத்துக் கொண்டு உள்ளே ஏறினால் இருக்கை தானாக நகர்ந்து அந்தச் சாவிக்காரருக்கு ஏற்றபடி சாய்ந்து கொள்ளும். கண்ணாடிகள் திரும்பிக் கொள்ளும். அழித்துவிட்டாலோ, கடையில் இருந்து இறங்கிய அன்றைய நிலைக்குப் போய்விடும். மனம் மாறினால் வண்டியைத் திரும்ப எடுத்துக் கொள்ள வாடிக்கையாளருக்கு ஏழு நாள் அவகாசம் உண்டு. அதற்குள் எதையும் அழிக்கக் கூடாது என்பது விதி. அவள் காத்திருப்பதில்லை. அவள் வேலைக்குச் சேர்ந்த இத்தனை வருடத்தில் ஒருவர் கூட மனம் மாறி வந்ததில்லை. வந்த வேலையை வந்த உடனே முடித்துவிட வேண்டும் அவளுக்கு.

வந்த முதல் ஆள் இவன்தான்.

யார்டின் தகரக் கூரைக்குக் கீழே நின்று அவன் சொன்னதைக் கோர்த்துப் பார்த்தால் இவ்வளவுதான். கார் அவனுடைய அண்ணனுடையது. அண்ணன் அடுக்குமாடி வீடுகள் விற்பவன். பெரிய மனிதர்களிடம் போய் நிற்கும்போது பெரிய வண்டியில் போய் இறங்க வேண்டும் என்று லீஸுக்கு எடுத்திருந்தான். போன மாதம் ஒரு பகல் வேளையில், அலுவலக நாற்காலியில் உட்கார்ந்தபடியே மாரடைப்பில் போய்விட்டான். இன்னும் இரண்டு வருடம் லீஸ் பாக்கி. குடும்பத்தில் யாராவது தன் பேருக்கு மாற்றிக் கொள்ளலாம், இல்லையென்றால் வண்டியை விட்டுவிடலாம் என்று கம்பெனி சொல்லியிருந்தது. இன்று காலை இவன் கொண்டு வந்து விட்டுவிட்டுப் போனான். அண்ணன் இருந்த வரைக்கும் இவன் ஒரு தடவை கூட அதில் ஏறியதில்லை. அண்ணன் வீட்டுக்கு வருகிற நேரமெல்லாம் இவன் எங்காவது லிஃப்ட் குழிக்குள் இருப்பான்.

“காலைல கதவைத் திறந்து உட்கார்ந்தேன். சீட் தானா பின்னாடி போச்சுங்க. சாஞ்சுது. என் கால் பிரேக்குக்கு எட்டவே இல்ல.” முகத்து ஈரத்தைப் புறங்கையால் துடைத்துக் கொண்டான். “அவன் உட்கார்ந்திருந்த மாதிரியே இருந்துச்சு. மாத்த மனசு வரல. நுனியில உட்கார்ந்துக்கிட்டே இவ்வளவு தூரம் ஓட்டிட்டு வந்தேன். மத்தியானம் வேலையில இருக்கும்போதுதான்... இன்னொரு தடவை பார்த்துட்டு வந்துடலாம்னு தோணுச்சு.”

அவள் எதையும் மறைக்கவில்லை. விதி ஏழு நாள் என்றாள். தான் காத்திருக்கவில்லை, தப்பு தன்னுடையது, மேலாளரிடம் புகார் கொடுக்கலாம் என்றாள். அவன் கோபப்படுவான் என்று எதிர்பார்த்தாள். கோபப்பட்டிருந்தால் கூடத் தேவலாம். அவன் காரின் பக்கம் போய், நிமிர்ந்து நின்ற அந்த இருக்கையை ஜன்னல் வழியாகப் பார்த்தான்... யாரும் உட்காராத, யாருக்கும் சொந்தமில்லாத இருக்கை. பிறகு மழைக்குள்ளேயே நடந்து போய்விட்டான்.

அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை. என்னடி என்று அக்கா கேட்டாள். ஒரு வண்டியில் ஒன்றைக் கெடுத்துவிட்டேன் என்றாள். சம்பளத்தில் பிடிப்பார்களா என்றாள் அக்கா. அப்படிப் பிடித்தால் தீர்ந்து போகிற விஷயமாக இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று இவள் நினைத்துக் கொண்டாள்.

படுத்த பிறகு ஒன்று ஞாபகத்துக்கு வந்தது. எந்த வண்டியில் ஏறினாலும் முழங்கால் இடிக்கும் அவளுக்கு. இந்த வண்டியில் மட்டும் இடிக்கவில்லை. ஏறியதும் இருக்கை தானாக வந்து வாங்கிக் கொண்டது. யாரோ நம்ம உயரக்காரர் என்று நினைத்து, சாய்ந்து கூட உட்கார்ந்தாள்... அந்த அண்ணனுக்குப் பிறகு அந்த இருக்கையில் முழுசாகச் சாய்ந்து உட்கார்ந்தவள் அவள் ஒருத்திதான்.

மறுநாள் காலை அவனுக்குப் போன் செய்தாள். சாயங்காலம் வர முடியுமா, சீட்டைப் பழையபடி வைத்துப் பார்க்கலாம் என்றாள்.

வந்தான். மழையும் அவனோடு வந்தது.

அவளுக்குத் தெரிந்த வித்தை தேய்மானம் பார்ப்பதுதானே. அதை வைத்தே தேடினாள். காலடி விரிப்பில் வலது குதிகால் ஊன்றி ஊன்றி ஒரு சின்னப் பள்ளம் விழுந்திருந்தது. கதவின் கைத்தாங்கியில் முழங்கை பட்டுப் பட்டு ஒரு ரூபாய் அளவுக்குத் தோல் பளபளத்தது. தலைசாய்ப்பில் எண்ணெய் பட்ட மங்கல். இந்த மூன்றுக்கும் ஒரே உடம்பு பொருந்த வேண்டும் என்றாள்.

“உங்க அண்ணன் என்ன உயரம்?”

“என்னை விட ஒரு தலை ஜாஸ்தி.” அவளை ஒருமுறை பார்த்துவிட்டுத் தயங்கினான். “உங்க உயரம்னு வெச்சுக்குங்களேன்.”

“பரவாயில்ல, நேராவே சொல்லுங்க. பக்கத்துல நின்னா கழுத்து வலிக்குதுன்னு பொண்ணு பார்க்க வந்தவரே சொல்லிட்டுப் போயிருக்காரு.”

“எனக்கு வலிக்காதுங்க. லிஃப்ட் வேலை. நாள் பூரா அண்ணாந்துதான் பார்த்துட்டு இருக்கேன்.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனும் சிரித்தான்... பாதியில் நிறுத்திக் கொண்டான். சிரித்ததற்காக யாரிடமோ மன்னிப்புக் கேட்பவன் போல முகம் மாறியது. அந்த முகத்தைப் பார்த்த கணத்தில்தான் அவளுக்குள் எதுவோ இடம் மாறிப் போனது. அவள் அதைக் கவனிக்கவில்லை. மற்றவர் கீறலையெல்லாம் பார்க்கிறவளுக்குத் தன்மேல் விழுந்த கோடு தெரியவில்லை.

முதல் நாள் சரியாக வரவில்லை. குதிகால் பொருந்தினால் முழங்கை தள்ளிப் போயிற்று. அடுத்த நாளும் வந்தான். அவன் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து கொண்டு, இன்னும் சாய்ச்சு, இல்ல, அவ்வளவு இல்ல, எங்க உட்கார்ந்தாலும் அவன் ஒரு பக்கமா சரிஞ்ச மாதிரி உட்காருவான் என்று சொல்லிக் கொண்டே வந்தான். சொல்லச் சொல்ல அண்ணனைப் பற்றி வேறு கதைகளும் வந்தன. அண்ணன் விற்ற வீடுகளில் எல்லாம் லிஃப்ட் வேலையைத் தம்பி கம்பெனிக்கே வாங்கிக் கொடுத்துவிட்டு, நான் சொன்னதா சொல்லாதே என்பானாம். அவளும் தன் வீட்டுக் கதைகளைச் சொன்னாள். அக்கா வீட்டில் இருப்பது, மாப்பிள்ளை வீட்டார் தன்னைப் பார்த்துவிட்டுப் போன பிறகு ஒவ்வொரு முறையும் மாமா வாய் திறக்காமல் பேப்பர் படிப்பது...

சட்டென்று ஒரு இடத்தில் எல்லாம் கூடி வந்தன. குதிகால் பள்ளத்தில் இறங்கியது. முழங்கை பளபளப்பின் மேல் உட்கார்ந்தது. தலை மங்கலில் சாய்ந்தது. அவள் முதுகுக்கு அது உடனே தெரிந்துவிட்டது.

“கையை ஸ்டீரிங் உச்சியில வைங்க,” என்றான் அவன். குரல் மாறியிருந்தது. “ஒரு கை போதும். எந்த வண்டியா இருந்தாலும் அவன் அப்படித்தான் பிடிப்பான்.”

வைத்தாள்.

அவன் பார்த்தான். ஒரு முறைதான். பிறகு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக் கொண்டான். கண்ணாடியில் மழை வழிந்தது. அவன் தோள்கள் குலுங்கின. அண்ணனோடு போயிருக்க வேண்டிய எல்லாப் பயணங்களும், நகராத அந்த வண்டிக்குள் நடந்து கொண்டிருந்தன. அவள் மூச்சு விடக் கூடப் பயந்து, கையை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். கை மரத்துப் போயிற்று. எடுக்கவில்லை.

அழுது ஓய்ந்ததும் அவன் கேட்ட கேள்விதான் எல்லாவற்றையும் கெடுத்தது.

லீஸைத் தன் பேருக்கு மாற்றிக் கொள்ளப் போவதாகச் சொன்னான். அம்மா கேட்கிறாள் என்றான். சாயங்காலம் அந்த வண்டிச் சத்தம் கேட்டால் அம்மா எழுந்து போய்க் கதவைத் திறப்பாளாம். ஒரு மாதமாக அந்தச் சத்தம் இல்லாமல் அம்மா சரியாகப் பேசுவதில்லை. வண்டி வீட்டு வாசலில் நின்றால் போதும் என்கிறாள். ராத்திரி வேலையும் சேர்த்து எடுத்துக் கொண்டால் மாதப் பணத்தைச் சமாளித்துவிடலாம்.

“எடுக்கலாமா, வேண்டாமா... நீங்களே சொல்லுங்க. இந்த வண்டியைப் பத்தி உங்களுக்குத்தான் தெரியும்.”

அவளுக்குப் பொய் சொல்லத் தெரியாது. எடுக்கச் சொன்னால் சர்வீஸுக்காவது அவ்வப்போது இவன் இந்த யார்டுக்கு வருவான். வேண்டாம் என்றால்... அவ்வளவுதான். அது தெரிந்தும் சொன்னாள். உங்கள் சம்பளத்தில் பாதிக்கு மேல் இதற்கே போகும் என்றாள். டயர் ஒன்று போனால் தாங்காது, இன்ஷூரன்ஸ் தனி, இத்தனை தூரத்துக்கு மேல் ஓட்டினால் அதற்கும் தனிக் காசு என்றாள். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

“எல்லாத்தையும் விடுங்க. லீஸுங்கறது நம்ம பொருள் இல்லீங்க. ரெண்டு வருஷம் கழிச்சு இதே இடத்துக்கு, இதே சாவியோட நீங்க வரணும். உங்க அண்ணனை இன்னொரு தடவை கொண்டு வந்து விட்டுட்டுப் போகணும்... உங்களால முடியுமா?”

அவன் முகம் இறுகியது.

“நீங்க கம்பெனி ஆள். உங்களுக்கு இது வண்டி. நாலு கீறல், ரெண்டு நசுங்கல். எங்க வீட்ல என்ன உடைஞ்சிருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனான். அடித்துச் சாத்தியிருந்தால் அவளும் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லியிருப்பாள். நாமாகப் போன் செய்வதா, ஒரு நாளும் இல்லை என்று வீறாப்பாக இருந்தாள். போனையோ கையை விட்டுக் கீழே வைக்கவில்லை. அந்தப் பக்கமும் அதே வீறாப்பு போலிருக்கிறது. இரண்டு நாள் மணி அடிக்கவில்லை.

அவகாசத்தின் கடைசி நாளன்று அவன் அம்மாவை அழைத்துக் கொண்டு வந்தான். அவளைப் பார்க்காமல் மேலாளரிடம் நேராகப் போய், பேர் மாற்றக் கையெழுத்துப் போட வந்திருப்பதாகச் சொன்னான். அதற்கு முன்னால் அம்மாவுக்கு வண்டியைக் காட்ட வேண்டும் என்றான்.

அம்மா சின்ன உடம்புக்காரி. அலுவலக அறையில் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். இவள் தண்ணீர் கொண்டு போய்க் கொடுத்தாள். நீதானாம்மா அந்த சீட்டைச் சரி பண்ணிக் கொடுத்த பொண்ணு என்று கேட்டாள் அம்மா. அவன் வீட்டில் சொல்லியிருக்கிறான்... இவளுக்கு வேறு பக்கம் பார்க்க வேண்டியிருந்தது.

அந்த நேரம் வெளியே அவன் வண்டியைக் கிளப்பினான். அடித்தொண்டையில் உறுமி அடங்கும் அந்தச் சத்தம் கண்ணாடிச் சுவரைத் தாண்டி உள்ளே வந்தது.

அம்மா எழுந்தாள். டம்ளரைக் கீழே வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக் கொண்டு வாசல் பக்கம் போனாள். அந்தக் கதவு தள்ளினால் திறக்கிற கண்ணாடிக் கதவு. அதில் தாழ்ப்பாள் இல்லை. ஆனால் அம்மாவின் கை மேலே உயர்ந்து, தன் வீட்டுக் கதவில் தாழ்ப்பாள் இருக்கிற உயரத்தில், வெறும் கண்ணாடியைத் தடவித் தடவித் தேடியது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், வண்டியில் இருந்து சின்னவன் இறங்கினான்.

அம்மாவின் கை அப்படியே நின்றது. இவள் ஓடிப் போய்த் தாங்கிக் கொண்டாள். மகன் பதறி உள்ளே வந்தான்.

“வேண்டாம்ப்பா,” என்றாள் அம்மா. “இதை வீட்டுக்குக் கொண்டு வராத.”

“நீதானேம்மா கேட்ட?”

“கேட்டேன். தெரியாம கேட்டுட்டேன். இது வாசல்ல வந்து நின்னா நான் தினமும் போய்க் கதவைத் திறப்பேன். நீதான் இறங்கி வருவ...” அம்மா அவன் ஈரத் தலையைத் தடவினாள். “நீ வந்து நிக்கறப்போ, அவன் இல்லையேன்னு நான் உன்னைப் பார்க்கக் கூடாதுப்பா. அந்தப் பாவத்தை எனக்கு வாங்கிக் கொடுக்காத.”

மேலாளர் மேசையில் எதையோ தேடுகிற மாதிரி குனிந்து கொண்டார். அவன் வண்டியை விட்டுவிடுவதாகக் கையெழுத்துப் போட்டான். போகும்போது இவளிடம் ஏதோ சொல்ல வாய் எடுத்தான். அம்மா தடுமாறவே, தோளைப் பிடித்துக் கூட்டிக் கொண்டு போய்விட்டான்.

மறுவாரம் பெரிய லாரி வந்து கருநீலக் காரை ஏற்றிக் கொண்டு போயிற்று. அதற்கு முன்னால், அழிக்க வேண்டியதை அழிப்பது அவள் வேலை. அழித்தாள். அன்று பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து வீடு வரைக்கும் அழுதாள். அக்கா கண்ணைப் பார்த்ததும், இந்தத் தடவையும் வண்டிதானா என்று கேட்டாள். இவள் முகம் கழுவப் போனாள். அக்கா அதற்கு மேல் கேட்காமல் சோறு போட்டாள்.

அதன் பிறகு மழை நின்று, வெயில் ஏறி, ஆட்கள் வெயிலைத் திட்ட ஆரம்பித்துவிட்டார்கள். அவனிடம் இருந்து ஒன்றும் இல்லை. இருக்க என்ன காரணம் இருக்கிறது? திருப்பிக் கொடுத்தவர்கள் திரும்ப வருவதில்லை.

ஒரு சாயங்காலம் காவலாளி உள்ளே வந்தார். கேட்டில் ஒரு ஆள் நிற்கிறான், வண்டி கொடுக்கவா எடுக்கவா என்று கேட்டால் இரண்டும் இல்லை என்கிறான், விரட்டிவிடட்டுமா என்றார்.

அவள் போய்ப் பார்த்தாள். அதே சாம்பல் நிறச் சட்டை. இளைத்திருந்தான். இமைகளில் இன்று தண்ணீர் இல்லை, தூக்கமின்மை இருந்தது.

அன்றைக்குப் பேசியது தப்பு என்றான். அதைச் சொல்லத்தான் தினமும் கிளம்பியதாகவும், பஸ் ஸ்டாப் வரைக்கும் வந்துவிட்டுத் திரும்பிப் போனதாகவும் சொன்னான். அம்மா இப்போது கொஞ்சம் பேசுகிறாள் என்றான். அந்த உயரமான பொண்ணு எப்படி இருக்கா என்று நேற்றுக் கேட்டாளாம்.

அவள் மனதில் இத்தனை நாளாக ஒரு முள் இருந்தது. அதை வைத்துக் கொண்டு சிரித்துப் பேச அவளால் ஆகாது.

“ஒண்ணு கேக்கறேன். மறைக்காம சொல்லணும்.” கேட்டின் கம்பியைப் பிடித்துக் கொண்டாள். “நான் உங்க அண்ணன் சீட்ல உட்கார்ந்தேன். அவர் மாதிரியே சாஞ்சேன், அவர் மாதிரியே கை வெச்சேன். அன்னிக்கு நீங்க அழுதது என்னைப் பார்த்து இல்ல. இப்ப நீங்க தேடிக்கிட்டு வந்தது... என்னையா, அவரையா?”

அவன் உடனே பதில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவள் நம்பியிருக்க மாட்டாள்.

“முதல்ல எனக்கே தெரியலீங்க. அதனாலதான் வரல,” என்றான். “அவனை நினைச்சா இன்னும் அழுகை வருது. அது நிக்கும்னு தோணல. அவன் இடம் அப்படியேதான் காலியா கிடக்கு, அதுல யாரும் உட்கார முடியாது. நீங்களும்தான்.” கீழே பார்த்தான். பிறகு, பழகிய வேலையைச் செய்பவன் போல, அண்ணாந்து அவள் கண்களைப் பார்த்தான். “ஆனா அழுது முடிச்சதும்... யார் பக்கத்துல போய் உட்காரணும்னு மட்டும் இப்ப தெரியுது.”

காவலாளி தொலைவில் எங்கோ பார்த்துக் கொண்டு நின்றார். பஸ் ஒன்று ஆளை இறக்கிவிட்டுப் போயிற்று.

உங்கள் வீட்டில் துக்கம் இன்னும் ஆறவில்லை என்றாள் அவள். தெரியும், பதில் இப்போது வேண்டாம், எத்தனை மாதம் ஆனாலும் சரி என்றான் அவன். அவள் மறுப்பாகத் தலையை அசைத்தாள். பிறகு பிறகு என்று தள்ளிப் போடுகிறவர்களுக்கு என்ன ஆகும் என்பதை, அண்ணன் வண்டியில் ஒரு தடவை கூட ஏறாமல் போன இவனிடமே அவள் பார்த்துவிட்டாள்.

“இப்பவே சொல்றேன்,” என்றாள். சொல்லும்போது அழுகை முந்திக் கொண்டது. “எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. நீங்க நுனியில உட்கார்ந்து கால் எட்டாம ஓட்டிட்டு வந்தேன்னு சொன்னீங்களே... அப்ப இருந்தே.”

கேட் இன்னும் பூட்டித்தான் இருந்தது. திறக்கச் சொல்ல இருவருக்கும் தோன்றவில்லை. கம்பிக்கு அந்தப் பக்கம் அவனும் இந்தப் பக்கம் அவளுமாக, போனவனுக்காகவும் தங்களுக்காகவும் சேர்த்து, கொஞ்ச நேரம் அழுது கொண்டு நின்றார்கள்.